பாட்டு அவள், சிரிப்பு நான்

மார்ச் 4
இன்றும் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். அக்காவுடையதையும் நானே குடித்தேன். வீணாக்கினால் திட்டுவாள்.

மார்ச் 9
அக்காவுக்கு இரங்கல் கூட்டம். ஒரு பேராசிரியர், "சினிமாப் பாட்டுக்கு நடுவே அம்மையார் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பை வைத்து ஆராய்ச்சியே செய்யலாம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்ய? அந்தச் சிரிப்பு என்னுடையது.

அக்கா பாடினால் ஊரே உருகும். சிரித்தால் கழுதை தோற்றது. மூக்கால் கொர்ரென்று இழுப்பாள். அதனால் முதல் படத்திலிருந்தே பாட்டு அவள், சிரிப்பு நான். எங்களுக்கும் மியூசிக் டைரக்டருக்கும் மட்டும் தெரியும். "பாட்டை நான் பாத்துக்கறேன், பல்லை நீ காட்டுடி" என்பாள்.

மார்ச் 15
மியூசிக் டைரக்டர் வந்தார். அக்கா கடைசியாகப் பாடின பாட்டில் சிரிப்பு மட்டும் பாக்கி. அன்று எனக்குக் காய்ச்சல், போகவில்லை.

"பழைய சிரிப்பை ஒட்டிப் பாத்தேம்மா, ஒட்டல. நீ சிரிச்சாதான் பாட்டு வெளிய வரும்."

சிரிப்பா? நானா? இப்போதா?

மார்ச் 16
குளியலறையில் சிரித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, "அழாதீங்கம்மா, மனசைத் தேத்திக்குங்க" என்றாள்.

மார்ச் 20
ஸ்டூடியோ. ஹெட்போனில் அக்கா குரல். சிரிக்க வேண்டிய இடத்தில் மூக்கைச் சிந்தினேன். மறுபடியும். மறுபடியும்.

"போதும்மா. பாட்டை அப்படியே மூடி வச்சிடலாம்" என்றார் மியூசிக் டைரக்டர்.

மூடி வைப்பதா? அவள் பாடின கடைசிப் பாட்டையா?

"கொஞ்சம் முன்னாலேருந்து போடுங்க" என்றேன்.

பாட்டுக்கு முன்னால் அக்கா பேசினது அப்படியே இருந்தது. "எங்க அவ? காய்ச்சலா? பல்லைக் காட்டுற வேலைக்கு மகாராணிய பல்லக்குல கூட்டிட்டு வரணுமாக்கும்." தன் நக்கலுக்குத் தானே சிரித்தாள். கொர்ர்ர்.

அடிப்பாவி—

சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, பாட்டு பாதி ஓடியும் நிற்கவில்லை. சரியான இடத்தில்தான் சிரித்தேனா என்று கேட்டேன்.

"இடத்தை நாங்க பாத்துக்கறோம், நீ நிறுத்தாத" என்றார்.

ஏப்ரல் 11
பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். பக்கத்து சீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாகப்போற நேரத்துலயும் எப்படிச் சிரிச்சிருக்காங்க பாருங்க" என்றாள்.

"ஆமாம்மா, அவ அப்படித்தான்" என்றேன்.

அதற்குமேல் அடக்க முடியவில்லை. கையால் வாயைப் பொத்தினேன். மூக்கு வழியாக வந்துவிட்டது, கொர்ரென்று, அச்சு அசல் அக்கா.

அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.