நீ உயிரோடு போன பாதை

ஈர சிமென்ட் வாசனை முன்னெல்லாம் எனக்குப் பிடிக்கும். யாரோ வீடு கட்டுகிறார்கள் என்று தோன்றும். நேற்றுக் காலையில் நம் தெருக்கோடியில் அந்த வாசனை வந்தது, பிடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன். சுடுகாட்டுப் பாதையை மறித்து நட்டிருந்த வேலிக் கல்லுக்கால்களுக்கு அடியில் சிமென்ட் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளாக அவை வெறும் மண்ணில்தான் நின்றன. ஆட்டினால் ஆடும். என்றைக்காவது பிடுங்கிவிடலாம் என்று மனசில் ஒரு மூலையில் வைத்திருந்தேன். இனி ஆடாது.

உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் சின்ன மகள் எழுதுகிறாள். எதையும் மாற்றாதே, விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நம் வயசுக்காரர்களில் எட்டாவது வரை படித்தவன் நீ ஒருவன்தான். நெல் மண்டியில் மூட்டை தூக்கும்போது உன் முதுகும் என் முதுகும் ஒன்றுதான். ஆனால் ரேஷன் கார்டு, பென்ஷன், போலீஸ் ஸ்டேஷன், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று எதுவானாலும் தெரு உன் வீட்டு முன்னால்தான் வந்து நிற்கும். காலையிலேயே வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் உனக்கு வேறு வேலை இருக்கும். கதிரடிக்கும் மிஷினில் உன் பெண்டாட்டிக்கு வலது கையில் மூன்று விரல் போன பிறகு, மூன்று பெண்களுக்கும் தலை வாரிப் பின்னுவது நீதான். ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டே நியாயம் சொல்லுவாய். பாதி புரியாது. எல்லாரும் என் பக்கம் திரும்பி, "இன்னா சொன்னாரு?" என்பார்கள். நீ சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் நான் திருப்பிச் சொல்லுவேன்.

ஒருநாள் ஒருத்தன் சிரித்தான். "பஞ்சாயத்து பண்றவரு கையில சீப்பைப் பாருடா."

நீ ரிப்பனை எடுத்துவிட்டுச் சொன்னாய். "இந்தச் சிக்கையே எடுக்கத் தெரியலன்னா உன் ஊட்டுச் சிக்கை எப்பிட்றா எடுக்கறது? உக்காரு. அடுத்தது நீதான்."

அந்தக் காலத்தில் ஊர்த்தெரு வழியாக நம் பிணம் போகக் கூடாது. வரப்பின் மேல் ஒருவர் பின் ஒருவராகத் தூக்கிப் போவோம். உன் நைனாவைக் கொண்டுபோன அன்று மழை. முன்னால் போனவனுக்குக் கால் சறுக்கி, பாடை சேற்றில் விழுந்தது. நீ அழவில்லை. முகத்தில் ஒட்டிய சேற்றை உன் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் தூக்கினாய். காரியம் முடிந்த மறுநாள் அந்த வரப்பு நிலத்துக்காரர் வீட்டுக்குப் பாதை கேட்டுப் போனாய். பேச மாட்டேன் என்றார். திரும்பத் திரும்பப் போனாய். ஏழாவது தடவை வெளியே வந்தார்.

"எவ்ளோ அகலம்டா வோணும்?"

"பாடை போற அகலம்ங்க. ரெண்டு பக்கமும் ஆள் நடக்கணும்."

"அது எவ்ளோன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"தூக்கிக் காட்றோம்ங்க."

மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்து, கொல்லை வெறுமையாகக் கிடந்த நேரம். மூங்கிலில் பாடை கட்டி நாங்கள் நாலு பேர் கொண்டுவந்தோம். நிலத்துக்காரர் கையை நீட்டித் தடுத்தார். வெறும் பாடையை நிலத்தில் நடத்தக் கூடாது, ஆகாது என்றார். நாங்கள் முழித்தோம். நீ சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, பாடையில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டாய்.

"இப்ப வெறும் பாடை இல்லீங்களே. நடங்கடா."

முன்னால் வலது கைப் பக்கம் நான், இடது தோளில் மூங்கில். நாலடி நடப்பதற்குள் மேலிருந்து உன் குரல். "டேய், குலுங்குதுடா. பொணம் எழுந்து நடந்துடும் போல இருக்குது." நிலத்துக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே பின்னால் வந்து இரண்டு பக்கமும் கல் வைத்தார். அதுதான் பாதை. உன் பெண்டாட்டிக்குச் சேதி போய், "என் தாலியோட விளையாடுறியா நீ?" என்று மூன்று நாள் உனக்குச் சோறு போடவில்லை. நீயே போட்டுத் தின்றாய். பெண்களுக்குத் தலை பின்னுவதை மட்டும் விடவில்லை.

அன்று நிலத்துக்காரரே கேட்டார். "நீதான் படிச்சவனாச்சே, எழுதிக்கிறியா?"

நீ என்னைக் காட்டினாய். "இவன் கீறானே. இவன் பார்த்தா பத்திரம் எழுதுன மாதிரி."

படிப்பில்லாதவனை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதற்கப்புறம் பாதையைப் பற்றி யார் தகராறு செய்தாலும் என்னைக் கூப்பிடுவாய். பாதை தொடங்கும் புளியமரத்தடியில் நான் நின்று முதலிலிருந்து கடைசி வரை சொல்லுவேன். கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது.

இனி சொல்வதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நிலத்துக்காரர் படுக்கையில் விழுந்த சமயம். பிள்ளைகள் மெட்ராஸில். நீ ஒரு பேப்பரோடு என் வீட்டுக்கு வந்தாய். எல்லாம் எழுதியிருந்தாய்.

"அவரு கையெழுத்து ஒண்ணு வாங்கிடலாம்டா. சாட்சிக்கு நீ கைநாட்டு வையி."

"இன்னாத்துக்கு? என் தலையில ஓட்டை விழுந்துட்ச்சா?"

"உனுக்காக இல்லடா. உனுக்கப்புறம்."

"அப்ப நான் செத்தப்புறம் வந்து கேளு" என்றேன். உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நீ பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். "சரி வுடு. டீ குடிச்சியா?" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் மனசு நோகக் கூடாது என்று நீ விட்டுவிட்டாய். அடுத்த மாதம் அவர் செத்துப்போனார். பிள்ளைகள் நிலத்தை மனைக்கு விற்றார்கள்.

இதைச் சொன்னதும் உன் மகளின் பேனா நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். பக்கத்தைத் திருப்பிவிட்டு, "மேல சொல்லுங்க பெரிப்பா" என்றாள்.

போன ஐப்பசியில் நீ போனாய். அன்றும் மழை. பையன்கள் தூக்கிய பாடையோடு போய் நின்றால் கம்பி வேலி, பூட்டு. காவலுக்கு இருந்தவன், "பேப்பர் இருந்தா காட்டுங்க, தொறக்கறேன்" என்றான். நான் முன்னால் போய்ச் சொன்னேன். புளியமரத்திலிருந்து ஏரிக்கரைச் சுடுகாடு வரை ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு, "பெரியவரே, வாயால சொன்னா செல்லாது" என்றான். எனக்குப் பின்னால் நீ நனைந்துகொண்டிருந்தாய். அப்புறம் மனை விற்கிறவர்களின் ஆபீசுக்கும் போனேன். அங்கேயும் அதே வார்த்தைதான்.

கடைசியில் உன்னைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, ரோட்டைச் சுற்றி, ஏரிக்கரைச் சேற்றில் கொண்டுபோனோம். நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழி நெடுகக் குலுங்கியது. குலுங்குதுடா என்று சொல்ல நீ இல்லை.

உன் பெண்டாட்டிக்கு இப்போது நடை இல்லை. போன வாரம் கேட்டாள். "என்னை எந்த வழியா கொண்டும்போவீங்க?" எனக்குக் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். "வண்டியிலதானா?" என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

அம்மாடி சின்னவளே, இதைப் பெரிய எழுத்தில் எழுது. புளியமரத்தில் ஆரம்பம். ராஜகிரிக் கோட்டை மலை உச்சி எதிரே தெரிய நடக்க வேண்டும். வழுக்குப் பாறை இடது கைப் பக்கம். கிணற்றுக்கு வடக்கே பத்துத் தப்படி. அங்கிருந்து ரெட்டைப் பனை. அங்கிருந்து ஏரிக்கரை. அகலம், ஒரு பாடையும் இரண்டு பக்கமும் ஆள் நடக்கிற இடமும். மரத்தை வெட்டிவிட்டார்கள். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். பனையும் இல்லை. பாறை மட்டும் இருக்கிறது. அதன் மேல் மஞ்சள் பெயின்டில் மனை நம்பர் போட்டிருக்கிறார்களாம்.

கைநாட்டு வைக்கிறேன் என்றேன். மை டப்பா இல்லை. உன் மகள் என் கட்டை விரலைப் பிடித்துப் பேனாவாலேயே நீலமாகத் தேய்த்தாள். நீ கேட்ட அன்று வைக்காத கைநாட்டு. நிலத்துக்காரர் கையெழுத்து இல்லாமல் இது எங்கேயும் செல்லாது. அது எனக்குத் தெரியும். இதைப் படிக்க நீயும் இல்லை, எனக்கும் படிக்கத் தெரியாது.

என் இடது தோளில் இன்னும் ஒரு கனம் இருக்கிறது. செத்த பிறகு உன்னைத் தூக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் அந்தத் தோளுக்குத் தெரிந்ததெல்லாம், மல்லாட்டைக் கொல்லையில் நீ மேலே படுத்துச் சிரித்த கனம் மட்டும்தான்.