கயிற்றில் காய்ந்த சட்டை

ஜூன் 30, செவ்வாய்.

தங்கை கல்யாணத்துக்கு லீவு இல்லை என்ற மகன் இன்று கனடாவிலிருந்து படம் அனுப்பியிருக்கிறான். ராத்திரி வானத்தில் வெள்ளிபோல் மினுங்குகிற மேகம், அதற்கு மேலே பச்சை வெளிச்சம். மகள் எங்கள் ரப்பர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து ஈரம் பார்க்கிற கண் எனக்கு. பெரிதாக்கினேன். மூலையில் ஒரு கூடாரம், கயிற்றில் நான் வாங்கிக் கொடுத்த கட்டம்போட்ட சட்டை. துவைத்துக் காயப்போட்டவன் ஒரு ராத்திரிக்குப் போனவன் இல்லை.

உடனே கூப்பிட்டேன். "லீவு இல்லைன்னியே மக்கா, அந்தக் கயித்தில காயுறது ஆருக்க சட்டை?"

"ஒரு வாரம்தாம்ப்பா லீவு தந்தாவ. இந்த மேகம் கோடையில கொஞ்ச நாளுதான் தெரியும்."

"தங்கச்சிக்க கல்யாணம் வருசா வருசம் வருமாலே?"

ஞாயிறன்று பந்தல் வாசலில் மாப்பிள்ளை காலைக் கழுவ மச்சினன், பெண்ணின் சகோதரன், வேண்டும். என் தம்பி மகன் கழுவட்டும் என்றேன்.

"அப்பா, அது நானுல்லா செய்யணும்."

"நீ மேகத்துக்க காலைக் கழுவு."

வைத்துவிட்டேன்.

அண்ணனுக்கு லீவே கிடைக்கவில்லை என்று மகள் இன்னும் நம்புகிறாள். அந்தப் படத்தைத்தான் போன் முகப்பில் வைத்திருக்கிறாள். மூலையை அவள் பெரிதாக்கிப் பார்க்காதிருக்க வேண்டும்.