மூன்றாவது தட்டு

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

காலையில் சாயப்பட்டறை லேபில் நின்றபடியே சங்கத்துக்காக ஏழு போன். நாற்காலி வாடகைக்காரர், பேனர்காரர், கோவைத் தலைமை அலுவலகம், அப்புறம் ஒரு புது உறுப்பினர்: "மேடம், கண் தேர்வுக்குக் கண்ணாடி போட்டுட்டு வரலாமுங்களா?" போடாமல் வந்து எதைப் பார்ப்பாராம்? முதலாளி அந்தப் பக்கம் போனவர், "சங்கத்துல சம்பளம் ஏதாச்சும் தர்றாங்களாங்க?" என்று சிரித்தார். அது சிரிப்பு மாதிரி இல்லை.

ஜவுளி நிறத் தொழில்நுட்பர் சங்கம், திருப்பூர் கிளை, செயலாளர் அபிராமி. எழுதிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் பந்தல்காரர் வேலை.

ஞாயிற்றுக்கிழமை வருடாந்திரக் கண் தேர்வு. "நாப்பது வயசுக்கு மேல எல்லாரும் கூடி உக்காந்து பல்லாங்குழி ஆடப் போறீக" என்கிறார் இவர். என் வீட்டுக்காரர் மாதவனுக்கு எல்லாமே கேலி. நான்கு தட்டுகள், எண்பத்தைந்து வில்லைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழைதான் நிற வித்தியாசம். கலைத்துப் போட்டதை வரிசையாக அடுக்க வேண்டும். பிழை நாற்பதுக்குள் இருந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் துணி வாங்குகிற பையர் நம் கண்ணை நம்புவான். இவர் வந்து ஒரு தட்டு அடுக்கிக் காட்டட்டும், பார்க்கலாம்.

போன வருடம் நான் ஒரு விதி கொண்டுவந்தேன். தலைவர் பதவிக்கு நிற்பவரும் அந்த வருடச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். யாரை நினைத்துக் கொண்டுவந்தேன் என்று இந்த நோட்டிடமாவது சொல்லலாம் இல்லையா. கந்தப்பன் அண்ணனை. ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். வயது ஐம்பத்தொன்பது. அவர் வேலை பார்க்கும் சாயப்பட்டறையில் மிஞ்சுகிற ஆர்டர் எங்களுக்கு வரும். நான் துணித் துண்டில் நிறம் போட்டு ஒட்டி அனுப்புகிற ஒவ்வொரு ஷேடு கார்டுக்கும் அவர் பச்சை மையில் ஓகே எழுத வேண்டும். போன வருடம் ஒரே கார்டை மூன்று முறை திருப்பி அனுப்பினார். "நீலம் கம்மி. மறுபடி போடவும்." வேறு ஒரு வார்த்தை கிடையாது. மூன்றாவது தடவை பாத்ரூமில் போய் அழுதேன்.

செப்டம்பர் 14 தேர்தல்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சங்க அறையில் இருக்கும் லைட் பாக்ஸுக்குப் புது ட்யூப் வந்துவிட்டது. தேர்வு அந்தப் பெட்டி வெளிச்சத்தில்தான் நடக்கும். பழைய ட்யூப் இரண்டாயிரம் மணி நேரம் தாண்டிவிட்டது, இனி அதில் நிறம் பார்க்கக் கூடாது. எலக்ட்ரீஷியன் சின்னான் நாளைக் காலை வந்து மாட்டிவிடுவார். நாளை என்னால் லேபை விட்டு நகர முடியாது. அதனால் சரிபார்ப்புத் தாளை இன்றே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். ஒரு வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என்னோடு சேர்த்துப் பதினாலு பேர் எழுதினோம். தரணி கையில் கடிகாரத்தோடு நின்றாள். செயற்குழுவில் அவள்தான் சின்னவள், அவள்தான் சுறுசுறுப்பு.

கந்தப்பன் அண்ணன் கடைசியாக உட்கார்ந்தார். வில்லையைத் தொடாமல் லைட் பாக்ஸுக்குள்ளேயே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"என்னங்கண்ணே?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி."

ஐம்பத்திரண்டு பிழை! மூன்றாவது தட்டில்தான் விழுந்துவிட்டார், அந்த நீலம்-பச்சைத் தட்டில். மதிப்பெண் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரீங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

எனக்கு முப்பத்தாறு. பாஸ்தானே.

தரணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இனி நீங்கதானுங்க தலைவர். போட்டிக்கு ஆளே இல்லீங்க." சந்தோஷமாக இருந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

ஆகஸ்ட் 11, திங்கள்

சரியாகத் தூங்கவில்லை. சந்தோஷத்தில்தான் என்று வைத்துக்கொள்வோம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தேர்வில் விழுந்தது தெரிந்து கந்தப்பன் அண்ணனை ஷேடு பார்க்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அமெரிக்க ஆர்டர் பாதி நின்று கிடக்கிற நேரம். யாரைக் குறைக்கலாம் என்று எல்லா முதலாளிகளும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவரைத் துணி குடோனில் போட்டிருக்கிறார்களாம். அவர் இடத்தில் அந்தப் பட்டறை முதலாளியின் அக்கா மகன் நித்தீஷ். இப்போதுதான் படித்துவிட்டு வந்திருக்கும் பையன்.

இன்று ஒரு மயில் நீலம் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஓகே வந்துவிட்டது, நீலப் பால்பாயிண்டில். கந்தப்பன் அண்ணன் என்றால் இரண்டு நாள் வைத்திருப்பார். நல்லதுதானே? கார்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. ஓகே ஆனதை எதற்கு நோண்ட வேண்டும் என்று உள்ளே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சான்றிதழுக்காக மதிப்பெண்களைத் தலைமை அலுவலகத்துக்கு ஏற்ற உட்கார்ந்தேன். போன வருடப் பட்டியலும் பக்கத்தில் திறந்திருந்தது. மூன்றாவது தட்டில் எனக்குப் போன வருடம் நான்கு பிழை. இந்த வருடம் பதினெட்டு. தரணிக்கு இரண்டு, இப்போது பதினொன்று. போன வருடமும் எழுதிய எல்லோருக்கும் அந்தத் தட்டில் மட்டும் பிழை கூடியிருக்கிறது. மற்ற மூன்றும் அப்படியே.

அத்தனை பேருக்கும் ஒரே வருடத்தில் வயதாகிவிட்டதா என்ன?

லேப்டாப்பை மூடிவிட்டேன். தலைவலி.

ஆகஸ்ட் 23, சனி

தேர்தல் பேனர் தேடிக்கொண்டு இரும்பு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். நீளமாக இரண்டு அட்டைப் பெட்டிகள். டேப் பிரிக்கவில்லை. புது ட்யூப்.

இரண்டையும் வெளியே இழுத்துப் போட்டேன்.

சின்னானுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு வந்தனுங்க மேடம். ரூம் பூட்டியிருந்துச்சுங்க. உங்களுக்கு மூணு வாட்டி கூப்புட்டனுங்க, நீங்க எடுக்கலீங்க. நம்மூட்ல புள்ளைக்குக் காதுகுத்து, அப்படியே போயிட்டனுங்க." போனில் பார்த்தேன். ஒன்பதாம் தேதி, மூன்று தவறிய அழைப்பு. லேபில் இருந்தால் நான் போனை எடுப்பதில்லை. எடுக்காததைத் திரும்பக் கூப்பிடுவதும் இல்லை. அவ்வளவு பெரிய மனுஷி!

லைட் பாக்ஸின் மணிக்கணக்கு மீட்டரில் 2614. அதற்கு நேர் மேலே சுவரில் என் தாள். "ட்யூப் மாற்றப்பட்டது." கீழே அபிராமி என்று வட்ட வட்டமான கையெழுத்து.

பழைய ட்யூபில் முதலில் சாகிறது நீலம்தான். இதைப் புது உறுப்பினர்களுக்கு வருடா வருடம் வகுப்பெடுப்பது யார்? நான்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாளைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு வந்துவிட்டேன். கைப்பையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஊசிமேல் நிற்கிற மாதிரி நான்கு நாள். இன்று சாப்பிடும்போது இவரிடம் சொல்லிவிட்டேன்.

"இம்புட்டுத்தானா? யாருக்குடி தெரியும்? சத்தமில்லாம ட்யூபை மாட்டிட்டு வந்துரு" என்றார். சோற்றைப் பிசைந்தார். பிறகு, "ஆனா அந்தாளு குடோன்ல நிக்குறாருல்ல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிட்டிருக்கலாம்.

சொன்னால் என்ன ஆகும்? பதினாலு பேர் தேர்வும் செல்லாது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் என்று பெயர் வரும். கண்ணும் கையெழுத்தும்தான் எங்கள் பிழைப்பு, வேறு என்ன வைத்திருக்கிறோம்? தெற்கே இருந்து வந்தவள், பெண்பிள்ளை, தலைவராக ஆசைப்பட்டாள், வேண்டும் அவளுக்கு என்று பேசுவார்கள். பேசத்தான் செய்வார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வயதான கண்ணிலும் முதலில் போவது நீலம்தான். ஐம்பத்திரண்டு வந்தது ட்யூபாலா, கண்ணாலா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு சந்துக்குள்தான் நான்கு நாளாக ஒளிந்துகொண்டிருக்கிறேன். அசிங்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

லீவு போட்டுவிட்டுக் கந்தப்பன் அண்ணனைப் பார்க்கப் போனேன். பல்லடம் ரோட்டில் அவர்கள் குடோன். துணி ரோல்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் அந்தப் பச்சைப் பேனா அப்படியே இருந்தது. இங்கே அதற்கு என்ன வேலை?

"வாங்க அம்மிணி" என்றார். டீ சொல்லட்டுங்களா என்று கேட்கவில்லை. இந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை.

நின்றபடியே சொன்னேன். ட்யூப், சின்னான், போன், கையெழுத்து, எல்லாம். கைப்பையிலிருந்து தாளையும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தெரியுமுங்க."

"என்னண்ணே தெரியும்?"

"உக்காந்தவொடனே தெரிஞ்சுதுங்க. பொட்டிக்குள்ள வெளிச்சம் வெண்ணெயாட்டம் இருந்துச்சு. புது ட்யூப்புன்னா அப்படி இருக்காதுங்களே."

அதே பெட்டிக்குள் நானும்தான் தலையை விட்டேன். பதிமூன்று பேர் பார்த்தோம். யாருக்கும் தெரியவில்லை. கண் போய்விட்டது என்று நாங்கள் வீட்டுக்கு அனுப்பிய ஆளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அப்புறம் கோபம் வந்தது. வந்த கோபத்தில் கத்திவிட்டேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை சொன்னா என்னண்ணே? எதுக்கு இந்த வீம்பு?"

"செவுத்துல நீங்க கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தீங்க. ஒரு டெக்னீசியன் மாத்தியாச்சுன்னு கையெழுத்துப் போட்ட பொறவு, மாத்துலைன்னு நா எப்படீங்க சொல்றது?" ஒரு சீட்டை ஒட்டினார். "சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பீங்களா? கெழவன் பெயிலாயிருவம்னு சாக்குச் சொல்றான்னு சிரிச்சிருப்பீங்க."

சிரித்திருப்போம். நான்தான் முதலில் சிரித்திருப்பேன்.

"சங்க வாட்ஸப் குரூப்புல போட்டுடறேண்ணே" என்றேன்.

"அது உங்க இஷ்டமுங்க." தலையைத் தூக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அடுத்த நிறுத்தத்தில் என் மேல். மாறி மாறி, பழைய பஸ் நிலையம் வரும்வரை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலை பத்தே காலுக்குச் சங்கக் குரூப்பில் போட்டேன். "ஆகஸ்ட் 10 அன்று நடந்த தேர்வில் லைட் பாக்ஸ் ட்யூப் மாற்றப்படவில்லை. மாற்றியதாகக் கையெழுத்திட்டது நான். தவறு என்னுடையது மட்டுமே. பதினாலு பேர் முடிவும் செல்லாது. மறுதேர்வு செப்டம்பர் 7. தலைவர் தேர்தலில் நான் நிற்கவில்லை. அபிராமி."

தாளையும் போட்டோ எடுத்துப் போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஒருவரும் பதில் போடவில்லை. வழக்கமாகக் காலை வணக்கத்துக்கே நாற்பது பூ விழுகிற குரூப்.

தரணி கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க்கா? எல்லார்கிட்டயும் உங்களுக்காகப் பேசிட்டு வந்தனே, இப்ப என்னையக் கேக்கறாங்க."

மாலையில் முதலாளி கூப்பிட்டார். இனி என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் வேண்டுமாம். பதினாறு வருடம் கழித்து! சரீங்க என்று வந்தேன். கந்தப்பன் அண்ணன் சொன்ன மாதிரியே வந்தது அந்தச் "சரீங்க".

செப்டம்பர் 7, ஞாயிறு

சின்னான் ஸ்டூலில் ஏறி ட்யூபை மாட்டும்வரை கீழேயே நின்றேன். கையில் புதுச் சரிபார்ப்புத் தாள். பேனா மூடியைக் கழற்றவில்லை. பின்னால் பதிமூன்று பேர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைட் எரிந்தது. மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். அப்போதும் எழுத மனசு வரவில்லை.

கந்தப்பன் அண்ணன் முன்னால் வந்து பெட்டிக்குள் பார்த்தார்.

"இப்ப செரிங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

அவருக்கு முப்பத்தேழு. எனக்கு இருபத்தொன்று. முப்பத்தேழு என்றால் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ நாற்பதைத் தாண்டிவிடும். அது அவருக்கும் தெரியும். சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கந்தப்பன் அண்ணன் "ஒம்பது வருசம் போதுமுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தரணி போட்டியில்லாமல் தலைவர். சங்கத்துச் சாவியை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், கையைப் பிடிக்கவில்லை. நாற்காலிகளை எண்ணித் திருப்பி அனுப்பிவிட்டு வந்தேன். பழக்க தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இனி என்ன செய்வது?

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் அவர்கள் சாயப்பட்டறையிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே என்னுடைய மயில் நீலம். ஆகஸ்டில் நித்தீஷ் அரை மணி நேரத்தில் ஓகே போட்டானே, அதே கார்டு. நல்லவேளை, ஆர்டர் நின்று கிடந்ததால் இன்னும் துணி சாயத்தில் இறங்கவில்லை. அவன் போட்ட ஓகேயின் மேல் ஒரு கோடு. கோடு பச்சை மையில்.

"நீலம் கம்மி. மறுபடி போடவும்."

வேறு ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் லேப் லைட் பாக்ஸின் மீட்டரைப் பார்த்தேன். முந்நூற்றுப் பத்து மணி நேரம், புது ட்யூப்தான். கார்டை உள்ளே வைத்துப் பார்த்தேன். திருப்பி வைத்தும் பார்த்தேன்.

கம்மிதான். பாவி மனுஷன்.

மறுபடி போட்டேன்.