மேட்டில் மூச்சு வாங்கும் வண்டி

மார்ச் 2, திங்கள்

இன்றும் ஆஸ்பத்திரி மேட்டில் நின்றுவிட்டது. சமதளத்தில் ராஜா மாதிரி வருகிறது. ஏற்றம் ஆரம்பித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசிக்கிறது, அப்புறம் திணறுகிறது, அப்புறம் மிதிக்க மிதிக்க மெதுவாகிறது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து என் பரம்பரையையே விசாரித்தார்கள். பத்து நிமிடம் ஓரங்கட்டிவிட்டுக் கிளப்பினால் பச்சைப் பிள்ளை போல ஒன்றுமே தெரியாத மாதிரி ஏறுகிறது.

என் மனைவிக்குத் திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு மெஷின். போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால். டயாலிசிஸ் நான்கு மணி நேரம். பத்து மணிக்கு அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார். தாமதம் எங்கள் நேரத்தில்தான் கழியும். மூன்றேகால் மணி நேரத்தில் கழற்றிவிட்டார்கள். கால் வீக்கம் வடியவே இல்லை.

விடியற்காலையில் வாடகைக் கார்க்காரர் எவரும் போனை எடுப்பதில்லை. இந்தக் கிழட்டு வண்டிதான் கதி.

மார்ச் 3, செவ்வாய்

மெக்கானிக் பிளக்கை மாற்றினார், பிளக் ஒயரை மாற்றினார், பெட்ரோல் பில்டரையும் மாற்றினார். "ஓட்டிப் பாருங்க சார், பிச்சிக்கிட்டுப் போகும்."

மார்ச் 4, புதன்

பிய்த்துக்கொண்டுதான் போனது. கடைசி வளைவு வரைக்கும்.

மார்ச் 6, வெள்ளி

மச்சான் வந்திருந்தான். இவளுடைய தம்பி, போன் உறை விற்கிற கடை வைத்திருக்கிறான். வண்டிக்கும் அவனுக்கும் உள்ள சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ளதுதான். ஆனால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினான். இன்ஜின் சூடானால் இக்னிஷன் காயில் மக்கர் பண்ணுமாம், ஆறினால் சரியாகிவிடுமாம், வீடியோவில் பார்த்தானாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு எரிச்சல்.

இந்த வண்டியில் உருப்படியாக நடந்த ஒரே வேலை நான் செய்ததுதான். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பெட்ரோல் வாடை இவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். போன மாதம் சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் விரிப்பு மூலையில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, டாங்க் மூடிக்குள் வைத்து இறுக்கினேன். அன்றோடு வாடை போயிற்று. மருந்து கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக பாட்டில் மூடி சோதிக்கிற ஆள் நான். தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு வெளியே வரக்கூடாது, ஒரு துளி காற்று உள்ளே போகக்கூடாது. ஒரு மூடியை இறுக்க எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம்.

மார்ச் 9, திங்கள்

புதுக் காயில். பழைய குணம். ஆறு முப்பத்தைந்து.

திரும்பும்போது மேட்டடிவார பங்கில் பெட்ரோல் போட்டேன். பின்சீட்டில் படுத்திருந்தவள், "மூடியைத் திறக்கும்போது புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்குதுங்க" என்றாள். ஏற்கெனவே வீட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறான், நீயும் ஆரம்பிக்காதே என்றேன். 

மார்ச் 11, புதன்

ஒரு விஷயம் பிடிபட்டது! இன்று போகிற வழியில் அதே பங்கில் நிறுத்திப் போட்டேன். மேட்டில் ஒரு திணறல்கூட இல்லை. அப்படியென்றால் டாங்க் அடியில் கசடு. பெட்ரோல் குறையும்போது கசடு குழாய்க்கு வருகிறது. எப்போதும் நிறைய வைத்திருந்தால் தீர்ந்தது. இதற்கு மெக்கானிக் எதற்கு, மச்சான் எதற்கு?

மார்ச் 12, வியாழன்

சாயங்காலமே டாங்க் வழிய வழிய நிரப்பிவிட்டேன். நாளை பார்க்கலாம்.

மார்ச் 13, வெள்ளி

மேடு வரைக்கும்கூட வரவில்லை. ரயில்வே கேட் தாண்டியதுமே படுத்துவிட்டது. குறைவாக இருந்தால் மேட்டில் நிற்கிறது, நிறைய இருந்தால் மேட்டுக்கு முன்னாலேயே நிற்கிறது. இது என்ன கணக்கு? எவனுக்கு வைத்த சூனியம் இது?

பங்கில் தண்ணீர் கலக்கிறார்களா என்று சத்தம் போட்டேன். அந்த ஆள் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டினார். தண்ணீர் இல்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இவள் மறுபடியும், "அந்தப் புஸ் சத்தம்..." என்றாள். கையெடுத்துக் கும்பிட்டேன். அதுவும் நக்கலாக.

மார்ச் 15, ஞாயிறு

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பெட்ரோல் பம்பையும் புதிதாகப் போட்டார். இனி மாற்ற மிச்சம் இருப்பது நானும் ஸ்டீயரிங்கும்தான்.

மார்ச் 16, திங்கள்

ஏழு பத்து.

மெஷினில் இரண்டே முக்கால் மணி நேரம்தான். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை... நான் என்ன வேண்டுமென்றா செய்கிறேன்?

வீட்டுக்கு வந்ததும் இவள் சொன்னாள். "வாரத்துக்கு ரெண்டு தரம் போதும். புதன்கிழமை வேணாம். நடுரோட்டுல உக்காந்து மூச்சு வாங்குறதுக்கு வீட்லயே வாங்கிக்கிறேன்."

கத்தினேன். யாருக்காக இவ்வளவும் செய்கிறேன் என்று கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பயமாக இருக்கிறது. கோபமாகத்தான் வெளியே வருகிறது.

மார்ச் 18, புதன்

போகவில்லை.

மார்ச் 20, வெள்ளி

இரண்டு முறை நின்றது. ஆனாலும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். டாக்டர் கத்தவில்லை; கத்தியிருந்தால் தேவலை. "இன்னொரு தரம் விட்டீங்கன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அப்புறம் இந்த மாடி இல்ல, அவசரப் பிரிவுக்குத்தான் கொண்டு வரணும்" என்றார்.

நேராக மெக்கானிக்கிடம் போனேன். திங்கட்கிழமை கூடவே வந்து கண்ணால் பாருங்கள் என்று சொன்னேன். மிரட்டினேன் என்றும் சொல்லலாம்.

மார்ச் 23, திங்கள்

நான்கு பேரும் ஐந்து மணிக்கே கிளம்பினோம். முன்சீட்டில் மெக்கானிக், பின்னால் இவளும் மச்சானும். மேட்டின் பாதியில் வழக்கம்போலத் திணறி நின்றது. மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், மச்சானும் தலையை உள்ளே விட்டான். ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். நானும் ஒன்று சொன்னேன்.

இவள் கண்ணாடியை இறக்கி மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, பெட்ரோல் மூடியை ஒரு தடவ திறந்து பாருங்களேன்."

அவர் போய்த் திறந்தார். புஸ்ஸ்ஸ். தெருவுக்கே கேட்டது.

மூடியைக் கவிழ்த்து, ஸ்குரூடிரைவர் முனையால் எதையோ நெம்பி எடுத்தார். நீலப் பூ போட்ட வட்டத் துண்டு. பெட்ரோலில் ஊறி அப்பளம் போல உப்பியிருந்தது.

"பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து வரணும் சார். அதுக்குன்னு மூடியில சின்னதா ஒரு வழி விட்டிருப்பாங்க. இது அதை அடைச்சிருச்சு. உள்ள காத்து இல்லாம பம்ப் எதை இழுக்கும்? டாங்க் நெறஞ்சிருந்தா உள்ள இருக்குற காத்தே கொஞ்சம், இன்னும் சீக்கிரமே நிக்கும். மூடியைத் திறந்தா காத்து உள்ள போயிரும், கொஞ்ச தூரம் நல்லா ஓடும்" என்றார். அப்புறம், "யாரு பார்த்த வேலை இது?"

மச்சான் துண்டை உற்றுப் பார்த்தான். "அக்கா, இது உங்க வீட்டு டேபிள் மேல போடுறதாச்சே."

வாயைத் திறந்தேன். 

"நான்தான். வாடை தாங்கல" என்றாள் இவள்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மிச்ச வழியெல்லாம் மச்சான் அவளுக்குப் பாடம் எடுத்தான், தெரியாத வேலையில் கை வைக்கலாமா என்று. நான் வண்டியை ஓட்டினேன். அருமையாக ஏறியது.

ஐந்து ஐம்பத்தைந்து. முழு நான்கு மணி நேரம்.

மார்ச் 24, செவ்வாய்

மேசை விரிப்பின் மூலையில் அந்த ஓட்டை இருக்கிறது. அதன் மேல் தண்ணீர் ஜக்கை வைத்திருக்கிறாள். ஓட்டை தெரியாமல் இருக்க வெகு நாளாகவே அங்கேதான் வைக்கிறாள் என்பது இன்றுதான் உறைத்தது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"ரெண்டு தரம் சத்தம் கேக்குதுன்னு சொன்னேன், நீங்க கேக்கல. பங்க்காரர், மெக்கானிக், எந்தம்பி... பாக்கி வைக்காம எல்லாரையும் திட்டிட்டீங்க. அவங்க முன்னாடியே உங்களை நிக்க வைக்க எனக்கு மனசு வரல."

இதற்குத் திட்டியிருக்கலாம்.

கம்பெனியில் இன்று எந்த பாட்டிலைப் பார்த்தாலும் அந்த வட்டம்தான். இருபத்திரண்டு வருட அனுபவமாம். மண்ணாங்கட்டி.

மார்ச் 25, புதன்

புதன்கிழமை. போனோம். அவளே முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மார்ச் 26, வியாழன்

மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லிவிட்டேன், நான்தான் வைத்தேன் என்று. ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "தெரியும் சார்" என்றார். "காம்பஸ் வச்ச மாதிரி அவ்வளவு சுத்தமான வட்டம். வாடை தாங்காத ஆள் அப்படி வெட்ட மாட்டாங்க."

மச்சானுக்கும் போன் போட்டேன். அரை மணி நேரம் பேசினான். குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டேன். பங்க்காரரிடமும் போக வேண்டும்.

மார்ச் 27, வெள்ளி

வாடை திரும்பிவிட்டது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினேன். இவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

மேட்டின் பாதியில், "ஏங்க, ஏதோ சத்தம்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நன்றாக ஏறிக்கொண்டிருந்த வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

"என்ன சத்தம்? சொல்லு" என்றேன்.

அவள் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தவில்லை, அவ்வளவுதான். இறங்கிப் போய்ச் சாத்தினேன்.