ஞாயிற்றுக்கிழமை கடிக்காத குழாய்

அக்டோபர் 16, திங்கள்

"இன்னைக்கு என்ன கிழமைம்மா?"

போன வாரம் மகன் நெபோய்ஷா போனில் கேட்டது. சமையலறைக் குழாயைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். பதிலுக்கு இந்தக் கேள்வி. வியாழன் என்றேன். "மாசம்?" என்றான். வேலைக்காலம் முழுவதும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவள் நான். தெரிந்துகொள்ளக் கேட்பதற்கும் சோதிக்கக் கேட்பதற்கும் வித்தியாசம் தெரியாதா?

இன்று காலையும் கடித்தது. தட்டு கழுவும்போது, முழங்கை வரை சுருக்கென்று.

அக்டோபர் 18, புதன்

வீட்டுச் சொந்தக்காரர் மியோட்ராக் திராட்சைத் தோட்டத்திலிருந்து நேரே வந்தார். கால் முழுக்கச் சேறு, ரப்பர் பூட்ஸ். குழாயைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னை ஒண்ணும் செய்யலையே டீச்சரம்மா. உங்களைத்தான் அதுக்குப் பிடிச்சிருக்கு போல!"

பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தொடச் சொன்னேன். நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அக்டோபர் 22, ஞாயிறு

நீஷ் நகரத்திலிருந்து நெபோய்ஷா வந்தான். ஷூவைக் கழற்றினான், குழாயைத் தொட்டான், திறந்தான், மூடினான், மறுபடி தொட்டான். ஒன்றுமில்லை. நானும் தொட்டேன். ஒன்றுமில்லை.

பீன்ஸ் சூப் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான். நீஷில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். சுத்தமான இடமாம். டிசம்பரில் ஒரு அறை காலியாகிறதாம். நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"தனியா இருக்கறதாலதான்மா இப்படியெல்லாம் தோணுது."

தோணுதாம்! கை மரத்துப் போகுது, அது தோணுதாம். இந்த பிரோத் ஊருல எனக்கு என்ன குறை? சந்தை இருக்கு, ஆறு இருக்கு, என்கிட்ட படிச்சவங்க பாதித் தெருவுல இருக்காங்க — அங்க போய் யார் முகத்தைப் பார்க்கறது?

அவன் போன பிறகு யோசித்தேன். ஒருவேளை நிஜமாகவே தோன்றுகிறதோ?

அக்டோபர் 24, செவ்வாய்

கடையில் ஒரு டெஸ்டர் வாங்கினேன். பேனா போல இருக்கிறது. கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்தால் உள்ளே சின்ன விளக்கு எரியும். இன்று காலை குழாயில் வைத்தேன். எரிந்தது. ஆக, எனக்கு வெறுமனே தோன்றவில்லை. ஒரு வாய் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

வகுப்பில் யாரோ விசிலடிப்பார்கள். கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சந்தேகப்பட்டவனை வெளியே அனுப்பிவிட்டுப் பாடம் நடத்துவேன். விசில் தொடர்ந்தால் அவன் இல்லை. அதையே செய்தேன். என் வீட்டு மெயினை அணைத்தேன். ஃபிரிட்ஜ் நின்றது. டெஸ்டர் எரிந்துகொண்டே இருந்தது.

விசில் என் வகுப்பிலிருந்து வரவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

துணி துவைத்துப் பால்கனியில் உலர்த்தினேன். என் மெஷின் ஓடும்போது குழாயில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை.

மேல்மாடி ரோசாந்தா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியவள், என் கொடியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன டீச்சர் இது! இன்னைக்குப் புனித பெத்காவோட திருநாள். பொம்பளைங்க ஊசிகூடத் தொடக் கூடாது, நீங்க போர்வையே துவைச்சுப் போட்டிருக்கீங்க!"

"மறந்துட்டேன் ரோசாந்தா."

"காலண்டர்ல சிவப்பா போட்டிருக்கே! நான் ஞாயித்துக்கிழமையும் துவைக்க மாட்டேன், சிவப்பு எழுத்து நாள்லயும் துவைக்க மாட்டேன். ஹோட்டல்காரன் எவ்வளவு கத்தினாலும் சரி."

ஆற்றங்கரை ஹோட்டலின் மேசை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு.

அக்டோபர் 28, சனி

விடிந்ததும் குழாயில் டெஸ்டரை வைத்துக்கொண்டு நின்றேன். எரியவில்லை. கூரைக்கு மேலே ரோசாந்தாவின் மெஷின் தடதடவென்று ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது.

மாடிக்குப் போனேன். அவள் விரல்களில் ராக்கியா சாராயம் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாதம் டீச்சர். காலையில வேலை செய்யறப்போதான் வரும். ஞாயித்துக்கிழமை ஓய்வு எடுத்தா சரியாயிடுது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். வாதமும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுக்கிறது!

மெஷினுக்குப் பின்னால் ஒரு கம்பி. அதன் மறுமுனை தண்ணீர்க் குழாயில் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. "அவர் கட்டினது. இந்தக் கட்டடத்துல எல்லாரும் அப்படித்தானே கட்டினாங்க? ஷாக் அடிக்காம இருக்கறதுக்குத்தான்," என்றாள். அவள் கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. தொட வேண்டாம், மெஷினையும் நிறுத்திவை என்றேன். நாளை ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும், என் மகன் பார்க்க வேண்டும் என்றும் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமையா? என்னைத் துவைக்கச் சொல்றீங்களா டீச்சர்?"

"துணி போட வேண்டாம். வெறும் மெஷின்."

"சாமிக்குத் தெரியாதா, வெறும் மெஷின்னு?"

"தெரியும். அதனாலதான் கோவிச்சுக்க மாட்டார்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கதவை மூடினாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

நெபோய்ஷா கையில் டெஸ்டர். குழாயில் வைத்தான். எரியவில்லை. "அம்மா..." என்று அதே மெதுவான குரலில் ஆரம்பித்தான். அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். கோயில் மணி ஓய்ந்தது. மேலே சத்தமே இல்லை. அவள் செய்ய மாட்டாள் என்றே நினைத்தேன்.

பிறகு தடதட.

விளக்கு எரிந்தது. மேலே நிறுத்தினாள், அணைந்தது. மறுபடி ஓட்டினாள், எரிந்தது. அவன் டெஸ்டரை மேசையில் வைத்தான். கழற்றி வைத்திருந்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டுதான் மறுபடி குழாய்ப் பக்கம் வந்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

எலெக்ட்ரீஷியனும் மியோட்ராக்கும் நிலவறை வரை போய்ப் பார்த்தார்கள். முன்பெல்லாம் மெஷினில் கசிகிற கரண்ட், கம்பி வழியாக இரும்புக் குழாயில் இறங்கி மண்ணுக்குப் போய்விடும். கோடையில் நிலவறையில் துருப்பிடித்த துண்டை வெட்டிப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். வாய்க்காலை நடுவில் அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலில் ஏறாதா? அந்த வயல்தான் நான்.

ரோசாந்தாவின் மெஷினுக்கு முறையான எர்த் லைன் இழுத்தாயிற்று. பழைய கம்பியை எறியப் போனபோது அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். "அவர் தப்பா கட்டலையே டீச்சர்?" என்றாள். இல்லை, குழாய்தான் மாறிவிட்டது என்றேன்.

நவம்பர் 11, சனி

கடிக்கவில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

நெபோய்ஷா போன் செய்தான். அந்த முதியோர் இல்லத்து அறை வேறு யாருக்கோ போய்விட்டதாம். போகிற போக்கில் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மா, எங்க பாத்ரூம் ஹீட்டரைத் தொட்டா லேசா சுருக்குங்குது. சில நாள்தான். என் பொண்டாட்டிகிட்ட சொன்னா, 'உங்களுக்கும் வயசாயிடுச்சு'ங்கறா. என்ன பண்றது?"

"தொடாதே, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு. அவர் வர்ற வரைக்கும், சுருக்குன அன்னைக்கு என்ன கிழமைன்னு எழுதி வை."