நெல்சனுக்கும் எனக்கும் ஒரே லேப்டாப்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெக்கை. கடல் காத்து பதினோரு மணிக்குத்தான் வந்துச்சாம், நான் அப்ப கோபாலபுரத்துல, பள்ளிக்கூட வேலையில. பள்ளிக்கூடம் திறந்த வாரம். ஆபீஸ்ல டி.சி. வாங்க வந்தவங்க வரிசை கேட் வரைக்கும். சாப்பிட நேரமில்ல.

தபால்ல படிக்கிற எம்.ஏ., ரெண்டாம் வருஷம். இனிமே கட்டுரையெல்லாம் டைப் அடிச்சு ஏத்தணுமாம். பரீட்சையும் கேமரா முன்னாடி உக்காந்து. போன்ல ஆகாது. லேப்டாப் வாங்கியே ஆகணும்.

வாங்குறது கேமும் ஓடுற மாதிரி வாங்கணும். ஹால்ல வைக்கணும். அப்பவாவது நெல்சன் ரூமை விட்டு வெளிய வருவான். யார்கிட்டயும் சொல்லல, இங்க மட்டும்.

பையன் இன்ஜினியரிங் பாதியில விட்டுட்டு வந்து எட்டு மாசம். கதவு சாத்தியே இருக்கு, உள்ள அவனோட பழைய லேப்டாப்புல எந்நேரமும் கேம். சாப்பாடு மட்டும் உள்ள போகுது. தட்டு வெளிய வருது.

ஜூன் 11, புதன்

மழை வர்ற மாதிரி காட்டிட்டு போயிடுச்சு.

பள்ளிக்கூட கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டு எழுதினது:
ரேம் 16
எஸ்.எஸ்.டி. 512, முடிஞ்சா கூட
கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கணும், இல்லன்னா கேம் ஓடாது
ஆனா அப்படி வாங்கினா கனம். பேட்டரி சீக்கிரம் தீரும்.
"உங்களுக்கு எதுக்கு மேடம் கிராபிக்ஸ்?" என்றார். பையனுக்குன்னேன். என்ன படிக்கிறான்னு கேக்கறதுக்குள்ள மணி அடிச்சுது. நல்லவேளை.

மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியல, நெல்சன் அப்பா வீட்டுலயே. படகு இல்லாத கோவம் முழுக்க எங்க மேல.
"இன்னாது, கேம் ஆடுற லேப்டாப்பா? ரெண்டு வருஷம் படிக்க வச்சேன், உள்ள குந்திக்கினு கீறான். அவனுக்கு இது வேறயா?"
"எனக்குப் படிக்கத்தான்."
கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும்.

ஜூன் 14, சனி

தி.நகர். நெல்சன் கூட வந்தான்! "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, நீ வந்து பாத்துச் சொல்லு" என்றதும் சட்டையை மாத்திட்டு வந்துட்டான். சட்டை தொளதொளன்னு இருக்கு. இவ்வளவு இளைச்சது வெயில்ல பாத்தாத்தான் தெரியுது.

கடையில விக்கிற பையன் கீபோர்ட்ல சிவப்பு லைட் எரியற லேப்டாப் ஒண்ணைக் காட்டினான். நெ. திருப்பிப் பாத்தான், அடியில காத்துப் போற ஓட்டையைப் பாத்தான். அப்புறம் பேச ஆரம்பிச்சான். எட்டு மாசத்துல இவ்வளவு பேசினதில்ல.

"இது சூடாகும். ஃபேன் கத்தும். அம்மா பரீட்சை எழுதும்போது மைக்ல அந்தச் சத்தம்தான் போகும். சார்ஜ் ரெண்டு மணி நேரம்கூட நிக்காது. நேர் வகுப்புக்கு சைதாப்பேட்டை வரைக்கும் இதைத் தூக்கிட்டு எப்படி பஸ்ல போவாங்க?"

"சூப்பரா சொல்றீங்க பாஸ். எந்த காலேஜ்?"

நெ. திரும்பினான். பக்கத்து மேசையில மெல்லிசா ஒண்ணு இருந்துச்சு, அதைத் தொட்டான். "உனக்கு இது போதும்மா."

"இதுல கேம் ஓடுமா?"

"ஓடாது."

"அப்ப நீ?"

"நான் ஆடுறதில்ல."

"எப்ப இருந்து?"

"என்னோடது ஆன் ஆகறதில்லம்மா. பொங்கலுக்கு முன்னாடியே போயிடுச்சு."

"அப்ப உள்ள என்னதான் பண்றே?"

"ஒண்ணும் இல்ல."

விக்கிற பையன் தலையைக் குனிஞ்சு போனைப் பாத்தான்.

சிவப்பு லைட்டு எரியறதையே வாங்கினேன். ஏன்னு கேக்காதே. சீட்டுப் பணம் மொத்தமும் போச்சு. பஸ்ல அவன்தான் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு வந்தான். ஜன்னல் பக்கம் திரும்பினவன் இறங்குற வரைக்கும் திரும்பல.

ஜூன் 16, திங்கள்

தடை முடிஞ்சு அவர் நேத்தே காசிமேடு போயிட்டார். வீடு அமைதி.

அவன் லேப்டாப் போனது தெரியாம, இந்த ஆறு மாசமா கதவுக்கு வெளிய நின்னு நான் சொன்னது:
கேம் ஆடியே கண்ணு போகப்போகுது
கரன்ட் பில்லு யார் கட்டுறது
உன் வயசுப் பசங்களைப் பாரு
அந்தச் சனியனைத் தூக்கிக் கடல்ல போடுறேன்

போட வேண்டியதே இல்லாம அது செத்துக் கிடந்திருக்கு. அவன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல.

டாக்டரைப் பாக்கலாமான்னு கேட்டேன்.
"எதுக்கு?"
"சும்மா. பேசிட்டு வரலாம்."
"பேச என்னம்மா இருக்கு."
வெள்ளிக்கிழமைக்கு அடையாறுல நேரம் வாங்கியிருக்கேன்.

ஜூன் 19, வியாழன்

புது லேப்டாப்பை நெ. கால் மணி நேரத்துல தயார் பண்ணிக் கொடுத்தான். தமிழ் எழுத்து போட்டான். "அம்மா படிப்பு"ன்னு ஒரு ஃபோல்டர். எழுந்துட்டான்.

"உன் கேமையும் போடுடா."
"வேணாம்மா."
"எனக்காக போடு."
போட்டான். அவன் பேரு, பாஸ்வேர்ட் எல்லாம் அவனே அடிச்சான். ஏறி முடிக்க ரொம்ப நேரம் ஆகும்னுட்டு உள்ள போயிட்டான்.

சாயந்திரம் ஏறி முடிஞ்சுது. கதவைத் தட்டிச் சொன்னேன்.
"சரி."
அவ்வளவுதான்.

கட்டுரை: முதல் பக்கம் பாதி. ஒரு விரல்ல அடிக்கிறேன். ஃபேன் கத்துது, அவன் சொன்ன மாதிரியே.

ஜூன் 20, வெள்ளி

டாக்டர்கிட்ட நெ. வரல. செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன். ஆட்டோ வந்து, நின்னு, திட்டிட்டுப் போச்சு.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச் பூசைக்கு நான் மட்டும். வெயில். வர்ற வழியில சங்கரா மீன் வாங்கினேன், அவனுக்குப் பிடிக்கும். தொட்டுட்டு வச்சுட்டான்.

மத்தியானம் கட்டுரை அடிக்க உக்காந்தேன். அந்தக் கேம் படம் ஓரமா இருந்துச்சு. தட்டினேன். என்னமோ வந்துச்சு, மலை, வானம், துப்பாக்கியோட ஒரு ஆள். மூலையில பச்சையா ஒண்ணு மினுக்கிச்சு. அதையும் தட்டினேன்.

"டேய்! நெல்சா! வந்துட்டியாடா! எவ்ளோ நாளா கூப்புட்டுக்கினு கீறோம், இன்னா ஆச்சு மச்சி உனக்கு?"

லேப்டாப்புக்குள்ள இருந்து யாரோ ஒரு பையன். ஹால் முழுக்கக் கேக்குது அந்தக் குரல். இன்னொரு பையன், "நெல்சா, கேக்குதா? போன் பண்ணா ஏன்டா எடுக்க மாட்டேங்குற?"

இத்தனை மாசமா இவனைத் தேட ஆள் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது.

சுவத்துக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்னு ஒரு தடவை. எழுந்துட்டான்னு நெனச்சேன்.

"லைன்லதான் கீறான், பேச மாட்டேங்குறான்டா."

நான் அவன் அம்மாப்பான்னு ஸ்கிரீனைப் பாத்துச் சொன்னேன். ரெண்டு தடவை சத்தமா. பேச எதை அழுத்தணும்னு தெரியல, அவங்களுக்குக் கேக்கல.

"விடு மச்சி. அவனா வந்தா வரட்டும்."

போயிட்டாங்க. கதவு திறக்கல.