வழிமொழிய ஒருவரும் இல்லை

என் பிரியமான அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நம் பெந்தெகொஸ்தே சபை நடத்தும் இந்த விடுதிப் பள்ளியில் இந்த வருடம் சபையின் வரலாறும் நிர்வாகமும் பாடம். கட்டுரைக்காகப் பழைய போதகர் கூட்டங்களின் குறிப்பேடுகளைப் படித்தேன். தம்பி நம்மை விட்டுப் போன அந்தக் காய்ச்சலில் கிடந்தபோது, "புள்ளைய விட உங்களுக்குக் கூட்டம்தான் பெருசா?" என்று அப்பாவிடம் கேட்டீர்களே, அந்தக் கூட்டத்தின் பக்கமும் இருந்தது. போதகர் குடும்பத்தார் மருந்து சாப்பிடக் கூடாது என்ற விதியை நீக்கும்படி அப்பா முன்மொழிந்திருக்கிறார். அறுபத்திரண்டு போதகர்கள் இருந்தும் வழிமொழிய ஒருவரும் எழவில்லை. அதனால் வாக்கெடுப்புக்கே விடாமல் தள்ளிவிட்டார்கள்.

என் கண்ணீர் அந்தப் பக்கத்தில் சொட்டியதைப் பார்த்து, "பாத்தும்மா, மை கரைஞ்சா சபை வரலாறே மாறிடும்" என்று நூலக அக்கா கேலி செய்ததும் சிரித்துவிட்டேன். கவலைப்படாதீர்கள்.

அப்பா விதியை மீறித் தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கும் ஆறவில்லை. ஆனால் அன்று கூட்டத்துக்கு எதற்காகப் போனார் என்பதை மூன்று வருடமாக அவர் சொல்லவில்லை. நீங்களும் அவரோடு பேசவில்லை.

இங்கே குளிர் அதிகம். தம்பியின் பெரிய போர்வையை அனுப்புங்கள். அதை மடிக்க அப்பாவைக் கூப்பிடுங்கள், அம்மா. "இந்த முனையப் புடிங்க" என்று மட்டும் சொன்னால் போதும்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்